பதினான்கு புள்ளி இரண்டு

ஜூன் 1, மாலை

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். காலையில் சைக்கிள் பந்தயம் புறப்பட்ட இடத்தில் உன்னைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நலமாகத்தான் இருக்கிறாய். அணி மேலாளர் ஆனதும் வயிறும் கொஞ்சம் பதவி உயர்வு வாங்கியிருக்கிறது.

இதை உன் விடுதியின் வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். பதில் எழுதுவதானால் அங்கேயே கொடுத்து வை, காலை ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். எழுதாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. போனில் கூப்பிடாதே. அது வீட்டு இழுப்பறையில் அணைந்து கிடக்கிறது. பத்தொன்பது வருடம் உங்கள் அணியின் சாமான் லாரியை ஓட்டியவளுக்கு, இனி வர வேண்டாம் என்று ஜனவரியில் இரண்டு வரி அனுப்பினாயே, அதன் பிறகு அந்தச் சனியனைத் தொட எனக்கு மனசில்லை. உன் புது நம்பரும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ஆனால் அணி உன் அப்பன் வீட்டுச் சொத்தல்ல. நீலச் சட்டை எட்டுப் பேரும் இந்தப் பத்து நாளும் எங்கே போகிறார்களோ அங்கே என் வேனும் வரும். சாலையோரத்தில் நிற்பதற்கு உன் கையெழுத்து தேவையில்லை.

உள்ளே ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். நாளைய இறக்கம். உச்சியில் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, கீழே வரும்வரை ஒவ்வொரு வளைவும் எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது, இடதா வலதா, பிரேக் வேண்டுமா வேண்டாமா, எல்லாம் வரிசையாக இருக்கிறது. எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நானே ஓட்டி, நானே எழுதி, நானே கற்றேன். பழைய மேலாளர் இதைத்தான் தன் காரில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார். நீ அந்த இடத்தில் ஒரு திரையை மாட்டியிருக்கிறாய்.

சீட்டை ஓணானிடம் கொடு. உன் மகன் என்பதற்காக இல்லை. எட்டுப் பேரில் இறங்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மேடு ஏறும்போது தலையை ஆட்டுவதை மட்டும் இன்னும் விடவில்லை. பேர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

அக்கா


ஜூன் 2, காலை

அக்கா,

வரவேற்பு மேசைப் பொண்ணு உன் கடிதத்தை நீட்டினப்பவே கையெழுத்தைப் பார்த்துட்டேன். பேனாவை அழுத்துற அழுத்துல பின்பக்கமும் படிக்கலாம்.

உன்னை லாரியில இருந்து எடுத்தது நான் இல்ல. அணிக்குப் பணம் போடுற கம்பெனி அறுபது வயசுக்கு மேல யாரும் லாரி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கையெழுத்து போட வேண்டியவன் நான். போட்டேன். நேர்ல வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. அதுக்கு மேல என்ன எழுதறதுன்னு தெரியல.

சீட்டை அவன்கிட்ட கொடுக்க மாட்டேன். எட்டு பேருக்கும் ஒரே தகவல் போகணும், அதுவும் காரில் இருக்கிற திரையைப் பார்த்து நான் காதுக்கருவியில சொல்றதுதான். ஒருத்தனுக்கு அத்தை சீட்டு, ஏழு பேருக்கு திரைன்னு வெச்சா அது அணி இல்ல, சந்தை.

வேன்லயே தூங்கறியாமே. முதுகு என்னத்துக்கு ஆகும்.

தம்பி


ஜூன் 3, மாலை

தம்பிக்கு,

என் முதுகைப் பற்றி ஜனவரியில் கவலைப்பட்டிருக்கலாம்.

நீ கொடுக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் இன்று காலை நானே கொடுத்துவிட்டேன். கையெழுத்து கேட்கும் கூட்டத்தோடு தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றேன். ஓணான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்ன அத்தை, கையெழுத்து வேணுமா?"

"உன் கையெழுத்தை வெச்சு நான் என்னடா பண்றது. இந்தா, நாளைக்கும் அதுக்கு மறுநாளைக்கும்."

அவன் சுற்றிப் பார்த்துவிட்டு அதை உள்பனியனுக்குள் சொருகிக்கொண்டான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைப் பட்டினி போட்டுருவார்" என்றான். "இப்ப மட்டும் என்ன சாப்பிடற, ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பிறகு உங்கள் பேருந்தின் கதவு திறந்தது. நீ இறங்கினாய். என்னைப் பார்த்தாய். திரும்பவும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய். அந்தக் கதவுக்கு எத்தனை தடவை நான் எண்ணெய் விட்டிருக்கிறேன்.

அதை மறப்பேன் என்று நினைக்காதே.

அக்கா


ஜூன் 4, மாலை

அக்கா,

நீ கீழே நின்னுகிட்டிருந்தேன்னு ஓணான் சொன்னான். அப்ப நீயே பார்த்திருப்ப. இருந்தாலும் நான் எழுத்துல கொடுத்துடறேன், இல்லேன்னா வருஷம் பூரா கேட்பே.

உச்சியில மழை பிடிச்சுது. இறங்க ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் திரை அணைஞ்சது. எனக்கு மட்டும் இல்ல, நாலு அணிக்கு. நான் காருக்குள்ள ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் பிரேக்கைப் பிடிச்சுகிட்டு தடவித் தடவி இறங்கினாங்க. இவன் ஹேண்டில்பார்ல உன் சீட்டை ஒட்டி, மேல மெழுகுத்தாளைச் சுத்தி வெச்சிருக்கான். சைக்கிள் மீட்டரையும் அதையும் பார்த்துப் படிச்சுகிட்டே போனான். கீழே வந்தப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடி. முதலிடச் சட்டை இப்ப நம்ம கையில. பதினோரு வருஷத்துக்கு அப்புறம்.

சாப்பாட்டு மேசையில ஏழு பேரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. "எங்களுக்கும் அத்தை சீட்டு வேணும்" னாங்க. உனக்கு அவங்களும் மருமகன் ஆயிட்டாங்க போல.

சரி. நீ ஜெயிச்சுட்ட. எட்டு படி எழுதிக் கொடு.

தம்பி


ஜூன் 5, மதியம்

தம்பிக்கு,

நான் ஜெயிக்க வரவில்லை. நான் எப்போதும் இருந்த இடத்தில்தான் இருக்கிறேன். நீதான் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாய்.

எட்டுப் படி இதோடு இருக்கிறது, ஆறாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும். கை வலிக்க எழுதியிருக்கிறேன். நனையாமல் வை.

ஏழாம் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற இறக்கங்களெல்லாம் என் பழைய நோட்டில் இருந்தவை, பல வருடம் சரிபார்த்தவை. இந்தக் கணவாயில் பந்தயம் நடப்பது இதுதான் முதல் தடவை. அதனால் மே மாதம் நானே போய் மூன்று நாள் தங்கி மூன்று தடவை ஓட்டினேன். பதினெட்டு கிலோமீட்டர் இறக்கம். முதல் பத்து கிலோமீட்டர் காட்டுக்குள் அகலமாக, நல்ல தாராக, குழந்தைகூட இறங்கும். அதுதான் ஆபத்து. உடம்பு வேகத்துக்குப் பழகிவிடும். பிறகு காடு முடிந்து பாறை தொடங்குகிறது. அங்கே ஒரு இடது வளைவு. தூரத்திலிருந்து பார்த்தால் மற்ற இடது வளைவுகளைப் போலத்தான் தெரியும். உள்ளே போன பிறகு சாலை இன்னொரு முறை மடங்குகிறது. வெளிப்பக்கம் சுவர் இல்லை, முழங்கால் உயரத்துக்கு ஒரு தகரம்தான். கீழே தண்ணீர் இல்லாத ஆற்றுப் படுகை, வெள்ளைக் கற்கள்.

அந்தத் தகரத்தில் பல இடங்களில் நசுங்கல் இருக்கிறது. ஒரு இடத்தில் தகரமே இல்லை. மூன்று நாளும் வேனை ஓரம் கட்டி இறங்கி நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் இரண்டடி தள்ளியே நின்றேன்.

மூன்று தடவையும் மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டியது: 14.2. நோட்டிலும் சீட்டிலும் அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

அக்கா


ஜூன் 6, காலை

அக்கா,

ஒரு சந்தேகம். கோபப்படாம படி.

உன் ஏழாம் நாள் சீட்டையும் திரையில இருக்கிற வரைபடத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். மேல ரெண்டும் ஒத்துப் போகுது. கீழே வர வர விலகுது. அந்த மோசமான வளைவு உன் சீட்டுல 14.2. வரைபடத்துல 14.64. நானூத்தி நாற்பது மீட்டர் வித்தியாசம். வரைபடத்துல 14.2 கிட்டயும் ஒரு இடது வளைவு இருக்கு, ஆனா சாதாரணமானது.

ஏப்ரல்ல வேனுக்கு புது டயர் போட்டேன்னு ஓணான்கிட்ட சொல்லியிருக்கியாமே. பழைய அளவுதானா? டயர் கொஞ்சம் பெரிசா இருந்தா சக்கரம் கம்மியா சுத்தும், மீட்டர் குறைச்சுத்தான் காட்டும். சின்ன இறக்கத்துல தெரியாது. பதினெட்டு கிலோமீட்டர்ல தெரியும். பழைய நோட்டெல்லாம் பழைய டயர்ல எடுத்தது, அதனால சரியா இருந்திருக்கும்.

நெடுஞ்சாலையில பத்து கிலோமீட்டர் கல்லு எண்ணிக்கிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாரு. பத்து நிமிஷ வேலை. எனக்காக.

தம்பி


ஜூன் 6, பிற்பகல்

தம்பிக்கு,

கோபப்படாமல் படி என்று எழுதிவிட்டுக் கோபம் வருகிற மாதிரியே எழுத உனக்கு மட்டும்தான் வரும்.

மூன்று நாளாக என் எண்களில் ஒன்றாவது தப்பியதா? ஒன்று சொல். மழையில் உன் திரை செத்துக் கிடந்தபோது உன் பிள்ளையைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது எது? இன்றைக்கு அந்தத் திரை உயிர் பெற்று வந்து என்னைத் திருத்துகிறது, நீ அதற்கு வக்காலத்து வாங்குகிறாய்.

டயர் டயர்தான். கடைக்காரர் என் வேனைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறவர், எது பொருந்துமோ அதைத்தான் போட்டார். அளவு ஒரு எண் முன்னே பின்னே இருக்கும் என்று என்னவோ சொன்னார், அதற்காக ஒரு மலை நானூறு மீட்டர் நகர்ந்துவிடாது. வரைபடம் வானத்திலிருந்து படம் பிடித்தவன் போட்டது. அவன் அந்தத் தகரத்தைத் தொட்டுப் பார்த்தானா? கணவாயில் பாறைக்கு அடியில் சாலை ஓடுவது வானத்திலிருந்து தெரியுமா? நான் தொட்டுப் பார்த்தேன்.

கல் எண்ண நான் பள்ளிக்கூடப் பிள்ளையில்லை.

நாளை நீ அவர்கள் காதில் என் எண்ணைச் சொல்ல வேண்டும். வேறு எண்ணைச் சொன்னால் சீட்டில் ஒன்று, காதில் ஒன்று என்று ஆகும், அது இரண்டையும்விட மோசம். இதை மட்டும் உன் மேலாளர் மூளைக்கு ஏற்றிக்கொள்.

அக்கா


ஜூன் 7, காலை 6.30

அக்கா,

இரண்டு எண் சொல்றது மோசம்னு நீ எழுதினது சரி. அதை மட்டும் யோசிச்சுகிட்டே இருந்தேன்.

சாப்பாட்டு மேசையில கேட்டேன். ஓணான், "அத்தை எண்ணைச் சொல்லுங்க, இல்லேன்னா நான் காதுக்கருவியைக் கழட்டி பாக்கெட்ல போட்டுக்குவேன்" னான். மத்தவங்களும் அவன் பக்கம். மூணு நாள் கண்ணால பார்த்திருக்காங்க, நான் எதைக் காட்டிப் பேசறது.

சரி, உன் எண்தான். நானே வாயால சொல்றேன். பதினாலு புள்ளி ரெண்டு.

மனசு சரியில்ல. கணவாய் மேல காலையில இருந்தே மேகம். இதை எழுதி என்ன ஆகப் போகுது. நீ இறக்கத்தோட அடியில நிப்பேன்னு தெரியும். நில்லு.

தம்பி


ஜூன் 7, பிற்பகல் 1.40, இறக்கத்தின் அடி, தடுப்புக்குப் பக்கத்தில்

தம்பி,

படித்தவுடன் காதில் சொல்: 14.2 இல்லை. 14.64. உன் எண்தான் சரி.

காலையில் உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலை வழியாக இங்கே வந்தேன். நான்தான் ஜெயித்தேனே, பிறகும் உன் மனசு சரியில்லை என்று எழுதியிருந்தது எனக்கு ஆறவில்லை. உன் வாயை அடைப்பதற்காகக் கல்லை எண்ணினேன். அதற்காக மட்டும்தான் எண்ணினேன். பத்துக் கல், மீட்டர் 9.7. கல்லை நட்டவன் தப்பாக நட்டிருக்கிறான் என்று நினைத்தேன். திரும்பி வந்து அதே பத்தை எண்ணினேன். 9.7. அடுத்த பத்து, 9.7. வேனை நிறுத்தி, உதிரி டயரை வெளியே எடுத்து, அதன் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணையும் ஓடுகிற டயரின் எண்ணையும் பார்த்தேன். ஒன்றில்லை.

சாலையை மூடிவிட்டார்கள். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் நல்ல மனிதர்தான். "என் மருமகனுக்கு அவசரமா ஒரு எண் சொல்லணும்" என்றேன். "எல்லாருக்கும் ஒரு மருமகன் இருக்கான்மா, பந்தயம் முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார். திரும்பத் திரும்பச் சொன்னதும் கம்பியில்லாக் கருவியில் யாரிடமோ கேட்டார். அந்தப் பக்கம் சிரித்தார்கள். எதிரே இருக்கிற கடையில் போன் கொடுத்தார்கள். கையில் வாங்கிவிட்டு நின்றேன். எந்த நம்பருக்குப் போடுவது.

இப்போது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் உச்சியில் காவலுக்குப் போகிறார். அவரிடம் இதைக் கொடுக்கிறேன். நீல அணியின் முதல் கார் என்று சொல்லியிருக்கிறேன். அவர் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறார், சீக்கிரம் எழுதுங்க என்கிறார்.

14.2-இல் வருவது சாதாரண வளைவு. அதைத் தாண்டியதும் ஆபத்து முடிந்தது என்று நினைத்துவிடுவான். முடியவில்லை என்று சொல். முடியவில்லை என்று சொல்.

அக்கா


ஜூன் 9, மருத்துவமனை

அக்கா,

நீ கீழே வரவேற்புல ரெண்டு நாளா உட்கார்ந்திருக்கேன்னு நர்ஸ் சொன்னாங்க. மேல வராதே. எனக்கு இப்ப உன் முகத்தைப் பார்க்க முடியாது. எழுத முடியுது, அதனால எழுதறேன்.

ஓணான் இன்னும் கண்ணைத் திறக்கல. இடுப்பு, விலா, தோள் எல்லாம் ஒட்டிக்குமாம். தலையைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். நாளைக்கு, நாளைக்குங்கறார்.

நடந்ததை நீ தெரிஞ்சுக்கணும். உன் மோட்டார் சைக்கிள்காரர் உச்சியில என் காரை நிறுத்தப் பார்த்திருக்கார். நான் யாரோ ரசிகன்னு ஹாரன் அடிச்சுட்டுப் போயிட்டேன். பின்னாடியே துரத்திகிட்டு வந்திருக்கார். ஓணான் முன்னாடி தனியா போய்கிட்டிருந்தான். மூணு மணி ஆறு நிமிஷத்துக்கு நான் சொன்னேன், "பதினாலு புள்ளி ரெண்டு, இடது, பிரேக்". அவன் பிரேக் போட்டான். வளைவு ஒண்ணுமே இல்ல. காதுக்கருவியில அவன் குரல் வந்தது, "தாண்டிட்டேன்பா". சிரிச்ச மாதிரி இருந்தது. அப்புறம் பிரேக்கை விட்டான். அடுத்த வளைவுல வெளிப்பக்கமா கீழே போயிட்டான்.

பின்னாடி வந்த நம்ம பையனுங்க ரெண்டு பேரும் தகரம் இல்லாத இடத்தைப் பார்த்துட்டு பிரேக் அடிச்சாங்க, தப்பிச்சாங்க. உன் கடிதம் என் கைக்கு வந்தப்ப மூணு பத்து. நான் ஏற்கனவே காரை விட்டு இறங்கியிருந்தேன்.

பந்தயக் குழு பன்னிரண்டாம் தேதி விசாரணை வெச்சிருக்கு. எண் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டாங்க. அணியோட திரையில இருந்து, நான் தப்பாப் படிச்சுட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். பசங்ககிட்டயும் பேசியாச்சு, அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. எட்டு சீட்டையும் வாங்கிக் கிழிச்சுட்டேன், அவன் ஹேண்டில்பார்ல இருந்ததையும் சேர்த்து. உன் கடிதங்களையும்தான். வரைபடத்தைப் பார்த்தவன் நான். சந்தேகப்பட்டவன் நான். வாயால சொன்னவன் நான். உன் பேர் எங்கேயும் இல்ல.

அவன் எழுந்தா, மழைன்னு சொல்லிக்கலாம். கேட்டா நம்பிடுவான். உன்னை அவன் தப்பா நினைக்க வேண்டாம்.

வீட்டுக்குப் போ.

தம்பி


ஜூன் 10, காலை

தம்பிக்கு,

போக மாட்டேன்.

மழை என்று சொல்லாதே. அன்றைக்கு மழை பெய்யவில்லை. மேகம் இருந்தது, அவ்வளவுதான். நான் அடியில் நின்றேன், ஒரு துளி விழவில்லை.

மூன்று மணி பத்து நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். குற்றம் சொல்லவில்லை என்று தெரியும். நான் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தை இரண்டு பக்கம் எழுதினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் சீக்கிரம் என்றார், நான் உதிரி டயரைப் பற்றியும் போலீஸ்காரரைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்தபோது அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார், ஒன்று ஐம்பத்தைந்து. ஒரு எண்ணை மட்டும் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தால் அவர் முன்னாலேயே கிளம்பி, உச்சியில் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டியிருப்பார், உன் கார் வருவதற்கு முன்னால் ஓணானுக்கே காட்டியிருப்பார். ஏன் எழுதினேன் என்று இரண்டு நாளாக இந்த வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். தப்பை ஒத்துக்கொள்ளும்போதும் எனக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. வேறு காரணம் கிடைக்கவில்லை.

இப்போது நீ எனக்கு ஒரு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஜனவரியில் என்னைக் கேட்காமல் என்னை எடுத்தாய். இப்போதும் கேட்காமல்தான் எடுக்கிறாய். பத்தொன்பது வருடம் நான் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் என் எண்கள் என்றுதான் உன்னோடு சண்டை போட்டேன். இந்த ஒன்றை மட்டும் உன் எண் என்று சொல்ல விடுவேன் என்று எப்படி நினைத்தாய்?

நீ சீட்டைக் கிழித்தாய். நோட்டு என்னிடம் இருக்கிறது. மே 14, 15, 16, மூன்று பக்கம், என் கையெழுத்து. பந்தயக் குழுவின் அலுவலகத்துக்கு நேற்று மாலை போய் வந்தேன். ஒரு இளம்பெண் இருந்தாள். யார் நீங்கள் என்று கேட்டாள், எண் எழுதியவள் என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். நோட்டைப் பிரித்து அந்த வரியைக் காட்டினேன். சிவப்புக் கோட்டை அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, இதை நீங்க கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல" என்றாள். "கட்டாயம்தான்" என்றேன். விசாரணைக்குப் பன்னிரண்டாம் தேதி பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். டயரைக் கழற்ற வேண்டாம், வண்டியை அப்படியே கொண்டுவாருங்கள், அளந்து பார்ப்பார்கள் என்றாள். கொண்டுபோகிறேன்.

நீ சந்தேகப்பட்டதையும் நான் மறுத்ததையும் அங்கே சொல்வேன். அதற்குப் பிறகும் நீ என் எண்ணைச் சொன்னதை நீ சொல்லிக்கொள். அது உன்னுடையது, அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஓணான் கண் திறந்தால், முதல் வார்த்தை நான்தான் பேசுவேன். நம்புவான் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான். நான் எது சொன்னாலும் நம்பிவிடுவான். அந்தப் பிள்ளையிடம் மழை என்று ஒருவரும் சொல்லக் கூடாது. அவன் திட்டட்டும். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லட்டும். அதைக் கேட்க நான் இங்கேயே இருப்பேன். கண் திறக்காவிட்டாலும் அதை அவன் காதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

இதை நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும் நேரம் கொடுப்பேன். பிறகு படியேறி வருவேன். என் முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள். கதவைச் சாத்தாதே.

அக்கா